மெல்பேர்னுக்குப் பத்தரை மணி நேரம்

அக்காவின் பிரசவத்துக்கு மெல்பேர்ன் போக விசா கிடைத்த பிறகும் அம்மாவுக்குப் பயம் போகவில்லை. முழங்கால் வலியோடு அவ்வளவு நேரம் எப்படி உட்கார்ந்திருப்பது என்று கவலைப்பட்டார். கம்பளையிலிருந்து பஸ்ஸில் அவரைக் கண்டிக்குக் கூட்டிப்போய், விமான டிக்கெட் போடும் கடையில் உட்கார வைத்தேன்.

"எவ்வளவு தூரம் புள்ள?" என்று அங்கிருந்த பெண்ணிடம் அம்மா கேட்டார்.

எட்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் என்றதும் அம்மாவின் முகம் வாடிவிட்டது. அந்தப் பெண் கம்ப்யூட்டரை விட்டுத் திரும்பினார்.

"பதுளைக்கு ரயில்ல போயிருக்கீங்களாம்மா?"

"போயிருக்கேன். ஏழு மணி நேரமாச்சு."

"கொழும்புல இருந்து இது பத்தரை மணி நேரம். மூணரை மணி நேரந்தான் கூட. நடக்குற வழி ஓரமா சீட் போடுறேன், கால் வலிச்சா எழும்பி நடங்க. வீல்செயாருக்கும் சொல்லிடுறேன்."

அம்மா சரியென்று தலையாட்டினார்.

போய்ச் சேர்ந்த அன்றே போன் எடுத்து, "நாலு தடவ எழும்பி நடந்தேன். அந்தப் புள்ளகிட்ட சொல்லிடு" என்றார். மறுநாளே கண்டிக்குப் போய்ச் சொன்னேன். டிக்கெட் வாங்கிய யாரும் இதற்காகத் திரும்பி வந்ததில்லை என்று அவர் சிரித்தார்.

அக்காவுக்கு மகள் பிறந்தபோது அம்மா பக்கத்திலேயே இருந்தார். அதற்கு நான் இன்றும் மனதுக்குள் நன்றி சொல்வது அந்தப் பெண்ணுக்குத்தான்.