வளைவில் கிடந்த பச்சைக்கொப்பு

கொடைக்கானலில் தெருவுக்கு ஒரு பிரவுசிங் சென்டர் இருந்த காலம் அது. நானும் கணவரும் மதுரையிலிருந்து வந்து அட்டுவம்பட்டியில் குடியேறி, பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சென்டர் நடத்திக்கொண்டிருந்தோம். மழைக்காலத்தில் எந்த ரோடு மூடியிருக்கிறது, எந்த பஸ் ஓடவில்லை என்று மலைக்காரர்களே எழுதிப்போட ஓர் இணையதளம் தொடங்க எனக்கு ஆசை. எல்லாம் தயார், பெயர்தான் அமையவில்லை. பிடித்த பெயர்களை எல்லாம் யாரோ முன்பே பதிந்து வைத்திருந்தார்கள். மிச்சமிருந்தவை லாட்ஜ் போர்டு மாதிரி இருந்தன. "பிள்ளைக்குப் பேர் வைக்கக்கூட நீ இவ்வளவு யோசிக்கலையே" என்று கணவர் கிண்டல் செய்வார்.

அந்த ஐப்பசியில் ஒரு காதுகுத்துக்காக இருவரும் பைக்கில் மன்னவனூர் கிளம்பினோம். முந்தின நாள் முழுக்க நல்ல மழை. பூம்பாறை தாண்டியதும் மூடுபனி கண்ணை மறைத்தது. ஒரு வளைவுக்கு முன்னால் நடுரோட்டில் இலையோடு பெரிய கிளைகள் கிடந்தன. காற்றில் விழுந்திருக்கும், பின்னால் வருகிறவர்கள் வழுக்கி விழாமல் போகட்டும் என்று இறங்கி, அத்தனையையும் இழுத்து ஓரத்தில் போட்டேன். கிளைகளின் அடி அரிவாளால் சீவியதுபோல் இருந்தது. காற்று இப்படியா ஒடிக்கும் என்று தோன்றியது. தோன்றியதோடு சரி, பைக்கில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

வளைவு திரும்பியதும் கணவர் பிரேக்கை அழுத்தினார். எங்களுக்கு முன்னால் ரோட்டைக் காணோம். மண் சரிந்து பள்ளத்துக்குள் போயிருந்தது. இறங்கி நின்றால், பின்னால் ஏதோ வண்டி வரும் சத்தம். அப்போதுதான் நான் செய்த காரியம் உறைத்தது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன். கிளைகளை மறுபடி ரோட்டுக்கு இழுத்துப் போட்டுவிட்டு, கத்திக்கொண்டே கையை ஆட்டினேன். பனிக்குள்ளிருந்து வந்த காய்கறி வேன் கிளைகளுக்கு முன்னால் நின்றது. நான் அப்படியே ரோட்டில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

கிளாவரைக்குத் திரும்பும் வேன் அது. டிரைவர் இறங்கி வந்தார். "கொப்பு கெடந்தாலே மேல ரோடு இல்லைன்னு அர்த்தம்க்கா. நீங்களா வெட்டிப் போட்டீங்க?"

இல்லை, எடுத்து எறிந்தவள்தான் நான் என்று சொன்னேன். அவர் திட்டவில்லை. "கீழ இருந்து வந்தவங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"இத யாருங்க போட்டிருப்பாங்க?"

"யாரு கண்டா? மொதல்ல பாத்தவங்க போட்டுட்டு அவங்க சோலியப் பாக்கப் போயிருப்பாங்க."

எனக்கு அந்தப் பதில் போதவில்லை. பூம்பாறை டீக்கடைக்காரர், மன்னவனூர் பஸ் கண்டக்டர், சென்டருக்கு வருகிறவர்கள் என்று நான் கேட்காத ஆள் இல்லை. ஒருவரும் "நான்தான்" என்று சொல்லவில்லை. நான் ஏன் இதை விசாரிக்கிறேன் என்பதுதான் அவர்களுக்கு விளங்கவில்லை.

தளத்துக்குப் 'பச்சைக்கொப்பு' என்று பெயர் வைத்தேன். டூரிஸ்ட்டுகளுக்குப் புரியாது என்றார் கணவர். புரியவும் இல்லை. கீரைக்கட்டு என்ன விலை என்று கேட்டுக்கூட போன் வந்திருக்கிறது. மலைக்காரர்கள் யாரும் அர்த்தம் கேட்கவில்லை. முதல் மழைக்கே, எங்கோ மரம் சாய்ந்து கிடப்பதை ஒருவர் எழுதியிருந்தார். தன் பெயரைப் போடவில்லை. நானும் யாரென்று கேட்கவில்லை.

அந்தக் கிளைகளை வெட்டிப் போட்டவர் யாரென்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் அவர் அந்த மழையில் எங்களுக்காகக் கொஞ்ச நேரம் நின்றிருக்கிறார் என்பதை நினைத்தால், முன்பின் தெரியாதவர்களை நம்ப எனக்கு இப்போதும் தைரியம் வருகிறது.