உள்ளங்கையில் எரிந்த கற்பூரம்

பி.ஏ. தேறிக் காட்சி பங்களா என்கிற மியூசியத்தின் அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்த அன்று, எங்கள் ஊரிலிருந்து சர்க்கார் நாற்காலியில் உட்காரும் முதல் ஆள் என்ற மிதப்பில் இருந்தேன். பெருக்க வந்த எலிசாள் கும்பிட்டாள். இடது கை நிமிர்ந்தது. வலது கை குவிந்தே நின்றது. நான் பார்த்ததும் அதை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள். காரணத்தை அவள் வாயால் கேட்க நாலு வருஷம் ஆயிற்று.

அது 1932 ஓணத்தில் நடந்தது. திருவோணத்துக்கு மறுநாள், அவிட்டத்தன்று, காட்சி பங்களா பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் மட்டும் திறக்கும். ஆண் சிப்பந்திகள் வாசலுக்கு வெளியே. உள்ளே காவலுக்குப் பெருக்குகிற எலிசாள் ஒருத்திதான். முந்தின ஓணத்தில் ஒரு தந்தச் சிற்பத்தின் விரல் ஒடிந்தது. மறுநாளே, காவலிருந்த சரோஜத்துக்கு வேலை போயிற்று. அவள் இடத்துக்கு வந்தவள்தான் எலிசாள். புருஷன் இல்லை. மிஷன் பள்ளியில் படிக்கும் ஒரு மகள்.

"எட்டி எலிசா, ஒரு சாமானம் சேதப்பட்டா நீ நாளைக்கு வரண்டாம், கேட்டியா?" என்றார் சிப்பந்திகளுக்குத் தலைவரான டபேதார் சிவதாணு, கதவைத் திறக்கும்போதே.

திறந்ததும் கூட்டம் அலையாக நுழைந்தது. பிள்ளைகள் வழுவழுத்த தரையில் சறுக்கினார்கள். கண்ணாடிப் பெட்டிகள் கிடுகிடுக்கும்போதெல்லாம் எலிசாள் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் மூக்கில் ஏறியது, கற்பூர வாசனை.

கோட்டைக்குள் அக்ரகாரத்திலிருந்து வந்த பாகீரதி மாமி, காட்சிக்கு வைத்திருந்த பழைய கோயில் மரத்தேரின் விளிம்பில் கட்டிக் கற்பூரத்தை ஏற்றிவைத்துக் கைகூப்பி நின்றாள். சுற்றிலும் பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"அம்மா, இது கோயிலு இல்லம்மா. மரம் பத்திக்கிடும்."

"ஸ்வாமியை இருட்டிலே நிறுத்தி வெச்சுட்டு பேச்சைப் பாரு! தள்ளி நில்லுடி, மேலே பட்டுடாதே."

நூறு வருஷத்து எண்ணெய் ஊறிய மரம். தீ சொட்டி விளிம்பில் வழிந்தது. மேலே பட்டுத் தொங்கல். எலிசாளின் கையில் தரை துடைத்த வாளித் தண்ணீர். அதைச் சாமி தேரில் ஊற்றினால் இவர்கள் விடுவார்களா? ஒரு வேதக்காரி, கிறிஸ்தவப் பெண், வாயால் ஊதினாள் என்றால் ஊர் இரண்டுபடும். "தீ" என்று கத்தினால் இத்தனை பிள்ளைகளும் ஒரே வாசலில் மிதிபடும்.

அவள் குனிந்து, எரிகிற கற்பூரத்தை வலது உள்ளங்கையில் அள்ளினாள். வழிந்த தீயை இடது கையில் பிடித்த முந்தானையால் அமுக்கினாள். பிறகு வாசலைப் பார்த்து நடந்தாள்.

பெண்கள் வழிவிட்டார்கள். சிலர் அவள் கையிலிருந்த தீயைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினார்கள். மாமிகூட. "நேர்த்திக்கடனாக்கும், பாவம்" என்றாள் ஒருத்தி. எலிசாள் பல்லைக் கடித்திருந்தாள். தசை கருகும் வாடை அவளுக்கே வந்தது.

வெளி மணலில் கையைக் கவிழ்த்தபோது சிவதாணு பதறி ஓடிவந்தார். விஷயம் புரிந்ததும், கூட்டம் கலையும்வரை காத்திருந்து, தேரில் ரூபாயளவு கரியைத் தானே எண்ணெய் தொட்டுத் துடைத்தார். 

"எனக்குப் பென்ஷனுக்குப் பதினொரு வருஷம் கெடக்கு. தீயின்னு ஒரு சொல்லு உன் வாயில வந்தா, ரெண்டு பேரும் வெளியதான்."

ஞாயிற்றுக்கிழமைக்குள் பேச்சு அவளுடைய கிறிஸ்தவ சபைக்குப் போய்விட்டது.

"தேருக்குக் கற்பூரம் பிடிச்சது உள்ளதா எலிசாளே?" சபையை நடத்தும் உபதேசியார் ஞானையன் எல்லார் முன்னும் கேட்டார்.

காரணத்தைச் சொன்னால் போதும். ஆனால் சபையில் பாதிப் பேர் காட்சி பங்களாத் தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள்; சொன்னது மறுநாளே அலுவலகத்துக்குப் போய்விடும். முன்வரிசையில் மகள் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உள்ளதுதான்" என்றாள்.

தண்டனையாக மூன்று மாதம் அவளுக்குத் திருவிருந்தின் அப்பமும் ரசமும் இல்லை. சபையில் அவள் பக்கத்துப் பாயில் யாரும் உட்காரவில்லை. சிவதாணு பென்ஷன் வாங்கிப் போய், அவளும் வேலையை விட்ட அன்றுதான், கதையாக எழுதட்டுமா என்று கேட்ட என்னிடம் வாய் திறந்தாள்: "இனி எழுதிக்கிடுங்க சாரே, இனி யாரைப் பயப்படணும்?" சொல்லும்போதே கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டாள்.

இப்போது விழிஞ்ஞத்தில் மகள் வீட்டில் இருக்கிறாள். மகள் பள்ளியில் வாத்திச்சி. அந்த வீட்டில் அடுப்புப் பற்றவைப்பது மகள்தான். எலிசாள் தீப்பெட்டியைத் தொடுவதில்லை.