உருட்டிப் போன சைக்கிள்

அப்புத்தளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளியில் நான் ஆசிரியராக இருந்தபோது, தோட்டத்தில் கணக்கு எழுதும் யாழ்ப்பாணத்துக் கிளாக்கர் தினமும் காலையில் சைக்கிளை உருட்டிக்கொண்டே வருவார். மெலிந்த மனிதர், தலையில் கம்பளிக் குல்லா. அவர் அதில் ஏறி நான் பார்த்ததில்லை.

"சைக்கிள் பழுதுங்களா ஐயா?" என்று ஒருநாள் கூடவே நடந்தபடி கேட்டேன்.

"இல்லை. என்ரை நாய் இதோடை ஓடி வரும். ரெண்டு பேருக்கும் தேகப்பயிற்சி எண்டு நினைச்சன். ஒருநாள் இறக்கத்திலை வேகமா விட்டிட்டன். அது களைச்சது எனக்குத் தெரியேல்லை. கீழை வந்து என்ரை காலடியிலை விழுந்து செத்துப்போச்சு."

அடுத்த வளைவில் நின்று திரும்பிப் பார்த்தார். "பொறுங்கோ, வரட்டும்" என்றார்.

யார் வருகிறார் என்று நானும் திரும்பிப் பார்த்தேன். பாதையில் பனிமூட்டம் மட்டுமே இருந்தது. சற்று நேரத்தில் அவர் முகம் தெளிந்தது. "சரி, போவம்" என்று சைக்கிளை உருட்டினார். என்னால்தான் உடனே நடக்க முடியவில்லை.