ஏலப்பாறை ஜீப்பும் வெள்ளைப் பூவும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலு வருஷமாக யோசித்துவிட்டேன். நோட்டை எடுப்பேன், விளக்கு ஏற்றுவேன், நாலு வரி எழுதிக் கிழித்துப் போடுவேன். எட்டாவது வரைக்கும்தான் படித்தவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இல்லை.

என் மகள் சுகன்யா, கூடப் படித்த இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு பாலக்காட்டுச் சித்தூரில் ஒரு பெயிண்ட் கடை மாடியில் கம்பெனி நடத்திக்கொண்டிருந்தாள். மூன்று நாற்காலி, மூன்று கம்ப்யூட்டர், ஒரு முருகன் படம். போர்டு கிடையாது. "உங்க பொண்ணு என்னங்க விக்குது?" என்று ஊரில் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. நெல் போட்டால் நூற்றிருபது நாளில் அறுக்கலாம். இவர்கள் போட்டது எப்போது விளையும் என்று அவர்களுக்கே தெரியவில்லை.

அந்தச் சமயம் சென்னையில் ஒரு பெரிய கம்பெனி அவளுக்கு வேலை தருவதாக எழுதியிருந்தது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் கிணறு வெட்டியதும், அவளைக் காலேஜில் சேர்த்ததும் சாமியிடம் பூ கேட்டுத்தான். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். பூசாரி ஒன்றை எடுத்துத் தருவார். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. வியாழக்கிழமை இரண்டு பேரும் கோயிலுக்குப் போனோம். "பிள்ளை கம்பெனியையே நடத்தட்டுமா?" என்று கேட்டேன். அந்த நேரம் பார்த்து அவளுக்குப் போன் வந்து, மதிலுக்கு வெளியே போய்விட்டாள். பூசாரி பொட்டலத்தைக் கையில் கொடுத்துவிட்டு அடுத்தவருக்குத் தீபாராதனை காட்டப் போனார். நான்தான் பிரித்தேன்.

வெளியே வந்து, "சிவப்பு வந்திருச்சு அம்மிணி" என்றேன்.

அவள் போனைப் பைக்குள் போட்டாள். "சரிங்கப்பா. சனிக்கிழமை இடுக்கி மலையில ஏலப்பாறைக்கு வரேன்னு ஒரு ஜீப் டிரைவருக்கு வாக்குக் கொடுத்துட்டேனுங்க. அதை மட்டும் பாத்துட்டு முடிச்சுக்கறேன். நீங்களும் வாங்க" என்றாள்.

சனிக்கிழமை காலை ஐந்து மணிக்குக் கோவிந்தாபுரத்தில் பஸ் ஏறினோம். ஆறேகாலுக்குப் பொள்ளாச்சி. எட்டரைக்குப் பழனி. மலையைப் பார்த்து பஸ்ஸுக்குள்ளிருந்தே அவள் கும்பிட்டாள். எனக்குக் கை எழவில்லை. தேனியில் சாப்பாடு, கம்பம் தாண்டி மலை ஏறி, குமுளி போகும்போது மணி இரண்டு. அங்கே டீ பன்னிரண்டு ரூபாய், பழம்பொரி என்கிற வாழைப்பழ பஜ்ஜி பத்து. குட்டிக்கானத்தில் இறங்கி வேறு பஸ் மாறி, ஏலப்பாறை சேர்ந்தபோது நாலேகால். மூடுபனி இறங்கியிருந்தது. எதிர்க்கடை போர்டு தெரியவில்லை.

அவள் செய்தது ஜீப்புக்கான ஆப். டவுனுக்கு வந்த தேயிலைத் தோட்டத்து ஜனங்கள் மேலே லயம் என்கிற வரிசை வீடுகளுக்கு ஷேர் ஜீப்பில்தான் திரும்ப வேண்டும். ஆள் நிறையும் வரை நிற்க வேண்டும். போனில் சீட்டுப் பிடித்துவிட்டால், எட்டுப் பேர் ஆனதும் டிரைவர் போனில் மணி அடிக்கும். மாடசாமி என்ற டிரைவர் அன்றைக்குச் சோதித்துப் பார்க்கச் சம்மதித்திருந்தார்.

ஐந்தரைக்கு மணி அடித்தது. எட்டுப் பேரும் ஏறி உட்கார்ந்தார்கள். மாடசாமி வண்டியை எடுக்கவில்லை.

"அண்ணா, ஆள் நிறைஞ்சிருச்சுங்க" என்றாள் சுகன்யா.

"நிறையல தங்கச்சி. பேச்சியக்கா வரணும்லா."

"அவுங்க சீட்டுப் பிடிக்கலீங்களே?"

"அவகிட்ட அந்த மாதிரி போன் ஏது? காலையில ஆஸ்பத்திரிக்கு நான்தான் இறக்கிவிட்டேன். இறக்கிவிட்ட ஆளை ஏத்தாம இந்த ஸ்டாண்டுல எவனும் கிளம்ப மாட்டான்."

உள்ளே இருந்து ஒருவர், "மணி அடிச்சா கிளம்பணும்னா அதுக்கு நாங்க ரயில்லயே போயிருவோம்லா!" என்றார். வண்டியே சிரித்தது. சுகன்யா முகம் வாடிவிட்டது. ஆனால் அழவில்லை. கடை வாசலில் கிடந்த அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து கம்ப்யூட்டரைத் திறந்தாள். அரை மணி நேரம் தட்டினாள். காலையில் யாரை இறக்கினாரோ அவர் பெயரை டிரைவரே போட்டுக்கொள்ளலாம், அந்தச் சீட்டை வேறு யாரும் பிடிக்க முடியாது, எல்லார் போனிலும் 'காத்திருக்கோம்' என்று தெரியும். அப்படி மாற்றிவிட்டாள்.

அப்போதுதான் பேச்சியம்மா மருந்துப் பையோடு வந்தார். "என்னலே மாடசாமி, எனக்காவ கம்ப்யூட்டரெல்லாம் நிக்குதாமே!" என்று சொல்லிக்கொண்டே இடித்துப்பிடித்து ஏறினார்.

மாடசாமி தன் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். "தங்கச்சி, இது எங்களுக்குச் சரிப்பட்டு வரும். திங்கக்கிழமையில இருந்து ஸ்டாண்டுல உள்ள பதினாலு வண்டியிலயும் போட்டுருவோம்."

இந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவர்கள் மூன்று பேரும் ஒன்றரை வருஷம் அந்த மாடியில் கிடந்தார்கள். சுகன்யா கும்பிட்டாள். "ரொம்ப சந்தோசமுங்கண்ணா. ஆனா சாமி வேண்டாம்னுட்டாருங்க. இதோட முடிச்சுக்கறோமுங்க."

"எந்தச் சாமி? எங்க ஊருச் சாமியையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா!" என்று சிரித்த மாடசாமி, என்னைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார். நான் குனிந்து செருப்பைச் சரிசெய்தேன்.

மறுநாள் அதே வழியில் திரும்பினோம். பழனி வந்ததும் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "தண்ணி வேணுமுங்களாப்பா?" என்று பாட்டிலை நீட்டினாள். வாங்கிக் குடித்தேன். சொல்ல வந்ததும் தண்ணீரோடு உள்ளே போய்விட்டது. திங்கட்கிழமை அவள் சென்னைக்குப் பதில் எழுதினாள்.

பூவைப் பிரித்தபோது என் கையில் இருந்தது வெள்ளை அரளி. மாதச் சம்பளம் வேண்டும், நல்ல இடத்தில் கல்யாணம் நடக்க வேண்டும் என்ற பயத்தில் நான்தான் அதைச் சிவப்பு என்று சொன்னேன்.

இப்போது அவள் சென்னையில் நன்றாகவே இருக்கிறாள். கல்யாணமும் ஆகிவிட்டது. சாமி வெள்ளை கொடுத்தது கம்பெனிக்கா, எப்படியும் நன்றாக இருப்பாள் என்பதற்கா, எனக்கு விளங்கவில்லை. நான் கெடுத்தேனா, காப்பாற்றினேனா? அதுவும் விளங்கவில்லை. போன தீபாவளிக்கு மாடசாமி போன் செய்தார். "அந்த ஆப்பு நின்னு போச்சு. ஆனா வாட்சப்புல இன்னமும் 'காத்திருக்கோம்'னு போட்டுத்தான் வண்டி எடுக்கோம். பாப்பாகிட்ட சொல்லுங்க" என்றார். அதையும் நான் சொல்லவில்லை.

இதைப் படித்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். இரக்கப்பட்டு என்னை நல்ல அப்பனாக்கிவிடாதீர்கள். வாய்வழியாகப் போய் என்றைக்காவது இது சென்னையில் என் மகள் காதில் விழும். அப்போதும் அந்தப் பூ வெள்ளையாகவே இருக்க வேண்டும்.