படம் அறுந்த இடத்தில்

எங்கள் பக்கத்துப் பழைய நாடக வாத்தியார் எழுதியதில் பேர்போன நாடகங்களையெல்லாம் சினிமாக்காரர்கள் முன்பே படமாக்கித் தீர்த்துவிட்டார்கள். யுத்தம் முடிந்து பிலிம் தாராளமாகக் கிடைக்க ஆரம்பித்ததும், மிச்சம் மீதி இருந்தவற்றில் கை வைத்தார்கள். அப்படித்தான் கடலோரத்து அரசி ஒருத்தியின் கதை படமாகித் தூத்துக்குடிக்கு வந்தது. அந்த நாடகம் ஊரில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. எனக்கு வரிக்கு வரி தெரியும். பையன்களே எல்லா வேஷமும் கட்டும் பாய்ஸ் நாடகக் கம்பெனியில் மூன்று வருஷம் அந்த அரசியே நான்தான்.

குரல் உடைந்ததும் கம்பெனி என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. அப்புறம் படித்து, துறைமுகத்தில் கப்பல் ஏஜெண்டு ஆபீஸில் கிளார்க் ஆனேன். பெண் வேஷம் கட்டிய கதையைப் பற்றி வெளியே மூச்சு விடவில்லை. கூத்தாடி என்று தெரிந்தால் எவன் பெண் கொடுப்பான்?

அந்தச் சமயத்தில் எனக்கு ஒரு சம்பந்தம் கூடி வந்தது. பெண் குலசேகரன்பட்டினம். ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். காபியை வைத்துவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடிவிட்டாள். அந்தச் சிரிப்பிலேயே நான் விழுந்துவிட்டேன். நிச்சயத்துக்கு நாள் குறிக்க அவள் அப்பா, கருப்பட்டி வியாபாரி, ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தார். சாப்பிட்டுக் கை கழுவியதும், "தம்பி, மேட்னி போவமா? நம்ம வாத்தியார் நாடகம்லா" என்றார்.

"அண்ணாச்சிக்கு நாடகம் பிடிக்குமோ?"

"உசிரு. ஆனா பாக்கது வேற, அந்தக் கூட்டத்தோட சம்பந்தம் வைக்கது வேற" என்றார். நான் சட்டையை மாட்டிக்கொண்டு அவர் பின்னால் கிளம்பினேன்.

படம் பிடிக்கவில்லை என்று நான் சொன்னால் பொறாமை என்பார்கள். பொறாமைதான். நாற்பது பாட்டைப் பத்தாகச் சுருக்கியிருந்தார்கள். கடலைத் துணியில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். அது கடல் பார்க்காத ஊரில் வேண்டுமானால் செல்லும். அரசியாக வந்த அம்மாள், புருஷன் போன கப்பல் கவிழ்ந்த சேதி கேட்டும் பொட்டு கலையாமல் நின்றார். ஆனால் முகாரியில் அந்தப் பாட்டை அவர் எடுத்ததும், மூடிய வாய்க்குள் என் நாக்கு கூடவே போக ஆரம்பித்துவிட்டது.

கடைசி அடிக்கு முந்தின அடியில் படம் அறுந்தது. விளக்கைப் போட்டார்கள். ஜனங்கள் விசிலடித்தார்கள்.

கம்பெனியில் ஒரு சட்டம் உண்டு. திரை கழன்று விழட்டும், விளக்கு அணையட்டும், எடுத்த பாட்டை முடிக்காமல் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் பிரம்படி. பத்து வயதில் முதுகில் ஏறிய பாடம் அது. நான் யோசிக்கவே இல்லை. எழுந்து நின்று கடைசி அடியைப் பாடினேன். ஆம்பிளைக் குரல்தான், கட்டைக் குரல். ஆனால் என் கை, இல்லாத முந்தானையைத் தோளில் இழுத்து விட்டுக்கொண்டு, அதன் நுனியால் கண்ணையும் ஒற்றிக்கொண்டது. விசில் நின்றுவிட்டது. பாடி முடித்த பிறகுதான் யார் பக்கத்தில் நிற்கிறேன் என்று எனக்கு உறைத்தது.

உட்கார்ந்தேன். அண்ணாச்சி என் பக்கம் திரும்பவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். படத்தை ஒட்டி ஓட்டினார்கள். ஒட்டியதில் கடைசி அடி போய், அரசி நேரே அடுத்த காட்சிக்கு வந்துவிட்டாள். அதற்கப்புறம் என்ன நடந்தது என்று எனக்கு ஞாபகமில்லை.

வெளியே வந்து நடந்தோம். பஸ் நிற்கும் இடத்தில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் இன்னும் சிவந்திருந்தது.

"தம்பி, பாட்டு நெஞ்ச அறுத்துட்டு. இப்படி ஒரு பாட்டு நான் கேட்டதே இல்ல" என்றார். பிறகு கையை விட்டார். "பொண்ணு தர முடியாது. வீட்ல வேற எடம் பாக்கச் சொல்லுங்க."