சேலையில் சுற்றிய துப்பாக்கி

பேரணாம்பட்டுக்குப் பக்கத்தில், காட்டை ஒட்டியது எங்கள் நிலம். காட்டுப்பன்றிகளை விரட்ட என் கணவர் உரிமத்துடன் ஒரு துப்பாக்கி வைத்திருந்தார். அவர் இறந்தபின் உரிமம் என் பெயருக்கு மாறியது. தேர்தல் வந்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். முதல் தடவை, யாரும் பார்த்து எதுவும் கேட்கக் கூடாதென்று அதைப் பழைய சேலையில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். அதுதான் தப்பு.

ஒரு திருப்பத்தில் சேலை நழுவி, குழாய் வெளியே தெரிந்தது. பக்கத்தில் குழந்தையோடு இருந்த பெண் பதறிப்போய், "இன்னாக்கா, துப்பாக்கியா? இத நீங்க ஏன் தூக்கினு வர்றீங்க? வீட்ல ஆம்பளைங்க இல்லியா?" என்றாள்.

அவர் போனதிலிருந்து கேட்டுக் கேட்டு மனம் புண்ணான கேள்வி. "இருந்தா நான் ஏன் தூக்கினு வர்றேன்?" என்று கத்திவிட்டேன். கத்தும்போது என் கை துப்பாக்கியை இறுக்கிப் பிடித்திருந்தது. அவள் குழந்தையின் முகத்தை மார்பில் புதைத்துக்கொண்டாள். பின்னால் யாரோ, "வண்டிய நிறுத்துங்க!" என்று அலற, பஸ் நின்றது. ஒருவர் என்மேல் பாயத் தயாராக எழுந்தார்.

என் கையைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. துப்பாக்கியைக் காலடியில் கிடத்திவிட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டேன். "குண்டு இல்லம்மா. எலக்‌ஷனுக்காக ஸ்டேஷன்ல குடுக்கப் போறேன். லைசென்ஸ் பையில இருக்கு, கண்டக்டரையே பாக்கச் சொல்லு" என்றேன் மெதுவாக.

கண்டக்டர் பார்த்துத் தலையாட்டினார். பஸ் கிளம்பியது. ஆனால் அந்தப் பெண் இறங்கும்வரை குழந்தையை என் பக்கம் திரும்பவே விடவில்லை.

இப்போது ஒவ்வொரு தேர்தலுக்கும், ஏறும் முன்பே கண்டக்டரிடம் சொல்லிவிடுகிறேன். யார் என்ன கேட்டாலும், துப்பாக்கியிலிருந்து கையை எடுத்த பிறகுதான் வாயைத் திறக்கிறேன்.