நிக்குமா சார்

காலி வகுப்பில் மின்விசிறி ஓடுவதைக் கண்டால் நிக்குமா சாருக்குக் கால் தானாக உள்ளே திரும்பும். சுவிட்சுகளைப் படபடவென்று தட்டி அணைப்பார். "உங்கப்பன் வீட்டு கரண்டா?" என்று காலி பெஞ்சுகளைத் திட்டிவிட்டுத்தான் ஆய்வகத்துக்குப் போவார்.

பொறியியல் கல்லூரியில், இறுதியாண்டுப் பிள்ளைகள் செய்யும் காற்றாலை, சூரியசக்தி புராஜெக்டுகளுக்கு அவர்தான் வழிகாட்டி. எதைக் கொண்டுவந்து காட்டினாலும் அவர் கேட்பது ஒன்றுதான்: "நிக்குமா?" பரீட்சை முடிந்த பிறகும் நின்று உழைக்குமா என்று அர்த்தம். பிள்ளைகளோ, ஓடுகிற யந்திரம் நின்றுபோகுமா என்று கேட்பதாக நினைத்து, "நிக்கவே நிக்காது சார்!" என்பார்கள், பெருமையாக. அவர் தலையில் அடித்துக்கொள்வார். வருஷா வருஷம் புதுப் பிள்ளைகள், அதே பதில். பட்டப்பெயர் அப்படி வந்ததுதான்.

ஆய்வகத்துக்குப் பின்னால் ஒரு அறை. மதிப்பெண் வாங்கியதும் செத்துப்போன புராஜெக்டுகள் அங்கே குவிந்து கிடக்கின்றன. "பூமியைக் காப்பாத்தறேன்னு குப்பை சேர்க்கறோம்டா!" என்று கத்துவார். வீட்டில் மனைவிக்கு வேறு குறை. "ஊருக்கெல்லாம் கரண்டு எடுக்கறாரு. நம்ம மிக்சி நின்னு மாசமாச்சு, அதைக் கேக்க நாதியில்ல."

இந்த வருஷமாவது ஒன்று நின்றே ஆகவேண்டும். விடுதிச் சமையலறையின் பின்படிக்கட்டில் விளக்கு கிடையாது. இருட்டோடு வேலைக்கு வரும் சமையல்காரம்மா அங்கே வழுக்கி விழுந்து கையை ஒடித்துக்கொண்டார். "மழைக்கு முன்னாடி லைட் எரியும்மா" என்று சார் அந்தம்மாவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, அதற்கான காற்றாலையைச் செய்யும் வேலையை ஒரு மாணவர் குழுவிடம் ஒப்படைத்தார்.

டெமோ நாள் வந்தது. கூடத்தில் காற்றாலை விறுவிறுவென்று சுற்றியது, பல்பு ஜெகஜோதியாக எரிந்தது. ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. அவருக்குச் சுருக்கென்றது. மேஜைக்குப் பின்னால் போய்த் துணியை விலக்கினார். உள்ளே ஒரு டேபிள் ஃபேன்.

"இதுக்கு கரண்ட் எங்கேருந்து வருது?"

"செவுத்து பிளக்லேருந்து சார்."

"கடவுளே!" பிளக்கைப் பிடுங்கினார். இறக்கைகள் தள்ளாடி ஓய்ந்தன. பல்பு அணைந்தது.

"நின்னுடுச்சு சார்" என்றாள் குழுத்தலைவி, தகவல் சொல்கிற குரலில்.

கட்டுப்போட்ட கையை மார்போடு அணைத்து, மறுகையில் டீ கெட்டிலுடன் உள்ளே வந்த சமையல்காரம்மா எட்டிப் பார்த்தார். "இதுதானா சார் நம்ம படிக்கட்டுக்கு? அழகா இருக்கு. என்னிக்கு மாட்டுவீங்க?"

குழுத்தலைவி மதிப்பெண் தாளை மெல்ல நீட்டினாள். அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். குனிந்து காற்றாலையின் அடிப்பக்கத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறுமுனையைப் பிடிக்க ஆள் வரும்வரை, நிஜக் காற்று அடிக்கும் மொட்டைமாடிக்கு ஏறும் படியைப் பார்த்தபடி நின்றார்.